டார்க் சாக்லேட் சிரப்: வீட்டில் காய்ச்சும் முறை, கெடாமல் வைக்கும் வழி, அளவாகச் சேர்க்கும் விதம்

கோகோ பவுடரையும் சீனியையும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் சிரப் ஆகிவிடும் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். கட்டி விழுகிறது, அடி பிடிக்கிறது, பத்தாம் நாள் பாட்டிலில் பூசணம் தெரிகிறது. சேர்மானம் சரியாகத்தான் இருக்கும், வரிசை மாறியிருக்கும். அதனால் இங்கே ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. அளவுகள் சுமார் 420 கிராம் சிரப்புக்கு, அதாவது 20 மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

இனிப்புச் சேர்க்காத கோகோ பவுடர் 60 கிராம், சீனி 200 கிராம், தண்ணீர் 240 மில்லி, உப்பு கால் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக, வனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி.

சமையலறைத் தராசு இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கரண்டியால் அளந்தால் கோகோ ஏமாற்றும். தலை தட்டிய மேசைக்கரண்டியில் 5 முதல் 6 கிராம்தான் பிடிக்கும், குவித்து அள்ளினால் அதுவே இரண்டு மடங்காகிவிடும். அடி கனமான, அகலமான பாத்திரம் ஒன்று, கம்பிக் கலக்கி, நெருக்கமான அரிப்பு (சல்லடை), 100 முதல் 150 மில்லி பிடிக்கும் கண்ணாடி பாட்டில்கள் மூன்று நான்கு இருக்கட்டும். ஒரே பெரிய பாட்டில் ஏன் வேண்டாம் என்பது எட்டாவது பகுதியில் வருகிறது.

பாத்திரத்தை வெறுமையாக எடை போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். இதை விட்டுவிட்டுப் பிறகு "எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்" என்று கேட்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்கிற முதல் பிழை. அடுப்புக்கு அடுப்பு, சட்டிக்குச் சட்டி நேரம் மாறும். எடை மாறாது.

2. கோகோ வாங்கும்போது

சீனியும் பால்பொடியும் கலந்த டிரிங்கிங் சாக்லேட் பொடி இதற்கு ஆகாது. அதில் பெரும்பகுதி சீனிதான். அதைக் கொண்டு காய்ச்சினால் டார்க் என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

இனிப்பில்லாத கோகோவிலும் இரண்டு வகை உண்டு. இயற்கைக் கோகோ வெளிர்ப் பழுப்பாக, கொஞ்சம் புளிப்போடு இருக்கும். காரம் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்தியது அடர் நிறத்தில், மென்மையான சுவையில் வரும். அதன் உறையில் ஆல்கலைஸ்டு என்றோ, ஐஎன்எஸ் (உணவுச் சேர்க்கைப் பொருளின் எண்) 500 அல்லது 501 என்றோ போட்டிருப்பார்கள். கறுப்பாக இருந்தால் கோகோ அதிகம் என்று நினைப்பது தவறு. அந்த நிறம் காரத்தால் வருவது. அதே காரம் கோகோவின் ஃபிளவனால் சத்தையும் குறைக்கிறது. சத்தை எண்ணிச் செய்பவர் இயற்கைக் கோகோவை எடுக்கலாம். ஐஸ்கிரீம் மேல் ஊற்ற நல்ல கறுப்பு வேண்டுமென்றால் இரண்டையும் பாதிப் பாதி கலக்கலாம்.

நம் கன்னியாகுமரிப் பக்கத்து ஈரக்காற்றில், அதிலும் ஆனி ஆடி மழையிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும், திறந்த கோகோ பொட்டலம் சில நாட்களிலேயே கட்டி தட்டும். வாங்கியவுடன் இறுக்கமான டப்பாவுக்கு மாற்றுங்கள். ஆவி பறக்கும் சட்டிக்கு மேலே பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு கொட்டாதீர்கள். அந்த ஒரு நொடியில் ஏறும் ஈரமே மிச்சப் பொடியைக் கெடுக்கப் போதும்.

3. பாட்டிலை முன்னதாகவே தயார் செய்யுங்கள்

சிரப் சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். அந்த நேரத்தில் பாட்டில் கழுவ நிற்க முடியாது. கழுவிய கண்ணாடி பாட்டில்களைத் தண்ணீரில் மூழ்க வைத்து 10 நிமிடம் கொதிக்கவிட்டு, சுத்தமான துணியில் கவிழ்த்து, முழுதும் உலர விடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் நாலு சொட்டுத் தண்ணீர் சிரப்பின் மேல்பரப்பில் மெல்லிய நீர்ப்படலமாக நிற்கும். பூசணம் அங்கேதான் பிடிக்கும்.

4. உலர்ந்த நிலையிலேயே கலப்பது

கோகோவையும் சீனியையும் உப்பையும் சட்டியில் போட்டு, தண்ணீர் விடும் முன்பே நன்றாகக் கலக்குங்கள். கோகோவை அரிப்பில் சலித்துவிட்டுச் சேர்த்தால் இன்னும் நல்லது.

கோகோவில் 10 முதல் 12 சதவீதம் வரை கொழுப்பு இருக்கும். அதனால் அது தண்ணீரை எளிதில் ஏற்காது. நேராகத் தண்ணீரில் கொட்டினால் வெளியே நனைந்து உள்ளே காய்ந்த உருண்டைகளாக மிதக்கும். சீனி மணிகள் இடையில் புகுந்து கோகோத் துகள்களைப் பிரித்து வைத்தால், சீனி கரையும்போது ஒவ்வொரு துகளும் தனித்தனியாக நனையும். கட்டி விழாமல் தடுக்க இந்த ஒரு படி போதும். கட்டி விழுந்த பிறகு மிக்ஸியில் அடித்தால் நுரைதான் வரும்.

5. தண்ணீரை மூன்று தவணையாக

வெந்நீர் 60 மில்லி விட்டுக் குழைத்து, கெட்டியான பளபளப்பான விழுதாக்குங்கள். இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். சூடு கோகோவின் மணத்தை எழுப்பும், பொடி வாசனை போகும். பிறகு இன்னொரு 60 மில்லி, கடைசியாக மீதி 120 மில்லி. ஒவ்வொரு தவணைக்கும் நடுவில் ஓரங்களையும் அடியையும் அகப்பையால் வழித்துக் கலக்குங்கள். இத்தனையும் அடுப்பு பற்ற வைக்கும் முன்பே முடிய வேண்டும்.

6. காய்ச்சுவது

நடுத்தரத் தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். முதல் கொதி வரும்போது கோகோ பாலைப்போல் பொங்கும். அதற்காகத்தான் அகலப் பாத்திரம் கேட்டது. பொங்கியதும் தீயைக் குறைத்து, அடியைத் தடவித் தடவி 6 முதல் 8 நிமிடம் காய்ச்சுங்கள். கோகோவில் மாவுச்சத்து உண்டு. அது அடியில் படிந்தால் இனிப்புக் கருகுவதற்கு முன்பே கருகும். கருகிய வாசனை வந்துவிட்டால் மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு ஊற்றிக்கொள்ளுங்கள், அடியைச் சுரண்டாதீர்கள்.

இப்போது சட்டியோடு எடை போடுங்கள். வெறும் சட்டியின் எடையைக் கழித்து 420 கிராம் நின்றால் இறக்க வேண்டியதுதான். தராசு இல்லாதவர்கள் ஒரு எவர்சில்வர் தட்டை முன்னதாகவே ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுத்தால், கோடு இரண்டு மூன்று நொடி நின்று பிறகு மெல்லக் கூட வேண்டும். உடனே மூடினால் இன்னும் கொதிக்கட்டும். மூடவே இல்லையென்றால் கூடிப்போயிற்று, இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விடுங்கள்.

சூடாக இருக்கும்போது சிரப் தண்ணீராகத்தான் தெரியும். "இன்னும் கெட்டியாகவில்லையே" என்று கூடுதலாகக் காய்ச்சுபவர்கள்தான் மறுநாள் பாட்டிலைக் கவிழ்த்தும் சொட்டாத சிரப்பைப் பார்க்கிறார்கள். ஆறினால் இறுகும், ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் இறுகும்.

இறக்கி ஐந்து நிமிடம் கழித்து வனிலா. கொதிக்கும்போதே ஊற்றினால் மணம் ஆவியோடு போய்விடும். அரிப்பில் வடித்து, சூடாகவே பாட்டிலில் ஊற்றி, மேலே ஒரு விரல் இடம் விட்டு, ஆவி அடங்கியதும் மூடுங்கள். சூடாகவே இறுக மூடினால் மூடியின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும்.

7. கருப்பட்டியில் செய்வதானால்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைச் செய்கிறவர்களுக்கு உள்ள பெரிய வசதி நல்ல பனங்கருப்பட்டி. அக்கானி (பதநீர்) காய்ச்சி இறக்கிய கருப்பட்டியின் புகை மணமும் கோகோவின் கசப்பும் ஒன்றுக்கொன்று இசைவானவை. சீனிச் சிரப்பைவிட இதுதான் சுவையில் ஒரு படி மேல். ஆனால் சீனி இருந்த இடத்தில் அப்படியே கருப்பட்டியைப் போட்டால் சரிவராது.

கருப்பட்டி 250 கிராம், தண்ணீர் 220 மில்லி. உடைத்துப் போட்டுக் கரைத்து, ஒரு கொதி விட்டு, துணியில் வடிகட்டுங்கள். பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் மணலும் சுண்ணாம்புத் துகளும் அடியில் தங்கும். தெளிவை மட்டும் சாய்த்து எடுத்து, கடைசி ஒரு கரண்டியை விட்டுவிடுங்கள். அந்த ஒரு கரண்டிக்கு ஆசைப்பட்டால் முழு பாட்டிலும் பல்லில் நெறுநெறுக்கும்.

இங்கே கோகோவைப் பிரித்து வைக்க உலர்ந்த சீனி இல்லை. அதனால் சலித்த 60 கிராம் கோகோவைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, சூடான கருப்பட்டிப் பாகைக் கரண்டி கரண்டியாக விட்டு, சுவரில் தேய்த்துக் குழையுங்கள். தளர்ந்த விழுதான பிறகு மீதிப் பாகோடு சேர்த்து ஆறாவது பகுதியில் உள்ளபடி காய்ச்சி, 440 கிராமில் இறக்குங்கள். வனிலா வேண்டாம். கருப்பட்டி மணத்தோடு அது மோதும். நம் மாவட்டத்து மாறாமலைக் கிராம்பு கிடைத்தால் இரண்டே இரண்டை, கருப்பட்டி கரைக்கும் தண்ணீரிலேயே போட்டு, வடிகட்டும்போது எடுத்துவிடலாம். மூன்றாவது கிராம்பு போட்டால் சாக்லேட் மறைந்து பல்வலி மருந்து மாதிரி ஆகிவிடும். சுக்குக் கருப்பட்டியிலும் செய்யலாம், பாலுக்கு அருமையாக இருக்கும், கேக்குக்குப் பொருந்தாது.

இந்தச் சிரப்பைக் கொதிக்கும் பாலில் ஊற்றாதீர்கள், திரியும். பாலைக் காய்ச்சி இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு கலக்குங்கள். இயற்கைக் கோகோ சேர்த்த சீனிச் சிரப்புக்கும் இந்த எச்சரிக்கை உண்டு.

8. கெடாமல் வைப்பது

420 கிராமில் நிறுத்திய சிரப்பில் சீனிக் கரைசலின் அடர்த்தி ஏறக்குறைய 55 சதவீதம். சீனி மட்டுமே காவலாக நின்று, அறைச் சூட்டில் பூசணத்தைத் தடுக்க அடர்த்தி 65 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அந்த அளவுக்குக் காய்ச்சினால் கோகோவோடு சேர்ந்து அல்வா மாதிரி நிற்கும், ஊற்ற வராது. ஆகவே வீட்டுச் சிரப்பின் இடம் ஃப்ரிட்ஜ்தான். மூன்று வாரம் நன்றாக இருக்கும். கடைச் சிரப் வெளியே தாங்குவது சோடியம் பென்சோவேட் (ஐஎன்எஸ் 211), பொட்டாசியம் சார்பேட் (ஐஎன்எஸ் 202) போன்றவற்றின் உதவியால். அதைப் பார்த்து வீட்டுச் சிரப்பையும் அலமாரியில் வைப்பது பலர் செய்யும் தவறு.

இனி பாட்டில் அளவு. குளச்சலோ நாகர்கோவிலோ, நம் காற்றில் ஈரம் நிறைய. குளிர்ந்த பாட்டிலை மேசையில் திறந்து வைத்தால் காற்றின் ஈரம் உள்சுவரில் நீராகப் படியும். மூடித் திரும்ப வைக்கும்போது அந்த நீர் சிரப்பின் மேல் இறங்கும். பெரிய பாட்டில் என்றால் மூன்று வாரத்தில் நாற்பது முறை திறந்து மூடுவீர்கள். சின்ன பாட்டில் நாலைந்து நாளில் தீர்ந்துவிடும். வேண்டிய அளவைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு பாட்டிலை உடனே உள்ளே வையுங்கள். ஈரக் கரண்டியை விடவே கூடாது.

ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் மூன்று மாதம் வரும். புளித்த வாசனை, நுரை, மேலே வெள்ளைப் படலம் எது தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். படலத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி காய்ச்சுவது சிக்கனம் ஆகாது.

9. ஒரு கரண்டியில் என்ன இருக்கிறது

இந்த அளவில் செய்த சீனிச் சிரப்பின் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 20 கிராமை எடுத்துக்கொள்வோம். அதில் கோகோ 3 கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. சேர்த்த சீனி 9.5 கிராம். மொத்தம் சுமார் 43 கலோரி. நார்ச்சத்து ஏறக்குறைய 1 கிராம், மக்னீசியம் 14 மில்லிகிராம், இரும்பு 0.4 மில்லிகிராம், காஃபீன் 6 முதல் 7 மில்லிகிராம்.

கடையில் விற்கும் சாதாரண சாக்லேட் சிரப் 100 கிராமில் 280 கலோரியும் 50 கிராம் சீனியும் இருப்பது வழக்கம். சீனியில் வீட்டுச் சிரப்புக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் செய்வதன் ஆதாயம் கோகோவின் அளவு நம் கையில் இருப்பதும், பதப்படுத்தும் பொருள் இல்லாததும், சுவையும். கடையில் வாங்குவதானால் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எது அதிகமோ அது முதலில் வரும். கோகோவுக்கு முன்னால் சீனி, லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப் என்று வரிசையாக நின்றால் அட்டையில் என்ன படம் இருந்தாலும் அது இனிப்புப் பாகுதான்.

உலக சுகாதார நிறுவனம், சேர்த்த சர்க்கரையை நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது, 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். இரண்டு கரண்டி சிரப்பில் 19 கிராம் போய்விட்டது. அன்றைக்குச் சாயாவும் காப்பியும் பலகாரமும் இருக்கிறதல்லவா? பெரியவர்களுக்கு நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது நியாயமான கணக்கு.

கோகோவில் இரும்பு இருப்பது உண்மை. ஆனால் அதிலுள்ள பாலிஃபீனால்கள் அந்த இரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கின்றன. ரத்தசோகைக்கு மருந்தாக இதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் பயனில்லை. ரத்தக் குழாய்களுக்கு நல்லது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்டது நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கோகோ ஃபிளவனாலை. காரமேற்றிய கோகோவில் செய்த ஒரு கரண்டி இனிப்புச் சிரப்பிலிருந்து அந்த அளவை எதிர்பார்க்க முடியாது.

கருப்பட்டி என்பதால் சர்க்கரை நோயாளி குடிக்கலாம் என்ற நினைப்பு நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருப்பதும் அதேதான். ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தச் சிரப் எந்த வடிவிலும் ஏற்றதல்ல. அவர்களுக்கு இனிப்பில்லாத கோகோ ஒரு தேக்கரண்டி எடுத்து, அதைப் பாலில் கரைத்துக் கொடுங்கள். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் கோகோவையே குறைக்க வேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குச் சேர்த்த இனிப்பே வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் சட்டியை நக்க வைக்காதீர்கள். கோகோவின் தியோபுரோமின் அதற்கு நஞ்சு.

சீனியைக் குறைக்க விரும்பினால் 150 கிராம் வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் கசப்பு தூக்கும், சிரப்பும் மாவுக் கூழ் மாதிரி ஆகும். 150 கிராமில் செய்தது ஒரு வாரம்தான் தாங்கும்.

10. எதில், எவ்வளவு

குளிர்ந்த பாலில் கலக்கும்போது முதலில் இரண்டு கரண்டிப் பாலில் சிரப்பைக் கரைத்துக்கொண்டு பிறகு மீதியை ஊற்றுங்கள். 200 மில்லிக்கு ஒரு மேசைக்கரண்டி. கட்டன் (பால் சேர்க்காத) காப்பிக்கு 150 மில்லிக்கு இரண்டு தேக்கரண்டி, வேறு இனிப்பு வேண்டாம். தேங்காய்ப்பாலில் கலக்குவதானால் முதல் பாலை லேசாகச் சூடாக்கினால் போதும், கொதித்தால் பிரியும். கருப்பட்டிச் சிரப்பும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த குளிர்பானம் விருந்துக்கே வைக்கலாம்.

பழங்களில் மட்டி வாழைப்பழம் தனி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சின்னப் பழத்துக்குத் தன் மணமும் இனிப்பும் போதுமான அளவு இருக்கிறது. சிரப்பை ஊற்றி முழுக்காட்டினால் மட்டி மறைந்துபோகும். ஒரு பழத்துக்கு அரைத் தேக்கரண்டி, அதுவும் உண்ணும் நேரத்தில். ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) வேறு குணம். முக்கால் பழுத்ததை நீளவாக்கில் பிளந்து, கொஞ்சம் நெய்யில் இரண்டு பக்கமும் வாட்டி, தட்டில் எடுத்த பிறகு ஒரு தேக்கரண்டி சிரப் விடுங்கள். பழத்தின் மெல்லிய புளிப்பு கோகோவுக்கு நன்றாக ஈடு கொடுக்கும். கல்லில் இருக்கும்போதே சிரப்பை விட்டால் நொடியில் கருகும். சக்கைப்பழத்தோடு (பலாப்பழத்தோடு) வேண்டாம். அதன் மணம் எதையும் அருகில் விடாது.

புட்டுக்கு மாவு நனைக்கும்போது சிரப்பைச் சேர்த்தால் மாவு பிசுபிசுத்து ஆவி ஏறாது. வெந்த புட்டுக்குப் பக்கத்தில் தொட்டுக்கொள்ள வையுங்கள். ஆப்பத்தின் நடுக்குழியில் ஒரு தேக்கரண்டி விட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றினால் பிள்ளைகள் வேறெதுவும் கேட்க மாட்டார்கள்.

டிசம்பரில் வீட்டுக்கு வீடு கேக் போடும் ஊர் இது. கேக் மாவில் 100 கிராம் சிரப் சேர்த்தால், அதில் ஏற்கெனவே சுமார் 48 கிராம் சீனி, 38 கிராம் தண்ணீர், 14 கிராம் கோகோ இருக்கிறது. அந்தக் கணக்குப்படி செய்முறையின் சீனியில் 48 கிராமும், பால் அல்லது தண்ணீரில் 38 மில்லியும், மைதாவில் 14 கிராமும் குறையுங்கள். குறைக்காமல் கூடுதலாக ஊற்றுவதால்தான் நடுவில் குழிந்து, பிசின் மாதிரி ஈரமான கேக் வருகிறது. இயற்கைக் கோகோ என்றால் சமையல் சோடா கால் தேக்கரண்டி சேர்க்கலாம், புளிப்பு அதை எழுப்பும். காரமேற்றிய கோகோவுக்குப் பேக்கிங் பவுடரையே நம்புங்கள்.

ஐஸ்கிரீமுக்குக் கெட்டிச் சாஸ் வேண்டுமா? 200 கிராம் சூடான சிரப்பில் 70 சதவீத டார்க் சாக்லேட் 50 கிராமைத் துருவிப் போட்டுக் கலக்குங்கள். சாக்லேட்டைத் தனியே உருக்கி அதில் சிரப்பைச் சொட்டுச் சொட்டாக விடக்கூடாது. கொஞ்சம் ஈரம் பட்டால் உருகிய சாக்லேட் இறுகி மணலாகும், நிறையச் சூடான திரவத்துக்குள் போனால் இணங்கிவிடும். இந்தச் சாஸ் ஃப்ரிட்ஜில் கல்லாகும், வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகும்.

11. கோளாறும் கைமருந்தும்

சிரப்பில் சீனி மணி மணியாகத் தெரிந்தால் கூடுதலாகக் காய்ந்திருக்கிறது, அல்லது சட்டியின் ஓரத்தில் ஒட்டிய சீனி உள்ளே விழுந்திருக்கிறது. இரண்டு கரண்டித் தண்ணீரும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டு மறுபடி ஒரு கொதி கொடுங்கள். அடுத்த முறை ஓரத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கொதிக்க விடுங்கள்.

கசப்பு நாக்கில் நின்றால் முதலில் உப்பைப் பாருங்கள், பெரும்பாலும் அதை விட்டிருப்பீர்கள். ஒரு சிட்டிகை உப்பு மூன்று கரண்டிச் சீனி செய்யாததைச் செய்யும். கருகிய கசப்பை மட்டும் எதுவும் மாற்றாது.

அடியில் கோகோ படிவது கோளாறில்லை. பாட்டிலைக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். கட்டிகள் மிதந்தால் அரிப்பில் வடித்து, கட்டியைக் கரண்டியால் தேய்த்துத் திரும்பச் சேர்க்கலாம். ஆனால் அப்படிச் சேர்த்ததை மறுபடி ஒரு கொதி விட்டே பாட்டிலில் ஊற்ற வேண்டும்.